முன்தலைக்கு வந்த பிடரி முடி

தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் நேரம் பார்த்து இதுவரை மூன்று பேர் என்னைத் தேடி வந்துவிட்டார்கள். மூவரும் முதலில் திராட்சை விலையைக் கேட்டார்கள். பிறகு மோட்டார் எப்படி ஓடுகிறது என்றார்கள். கிளம்பும்போது தலைத்துண்டை அவிழ்த்துக் கட்டிக்கொண்டே, அந்த மதுரை ஆஸ்பத்திரிக்கு எந்த பஸ்ஸில் போக வேண்டும் என்று யாருக்காகவோ கேட்பதுபோலக் கேட்டார்கள். நானும் யாருக்கோ சொல்வதுபோல வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். எனக்குப் பேச வராது. நாலு பேர் முகம் பார்த்தால் காது சுட ஆரம்பித்துவிடும். பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு நின்றுபோனாலும் எழுத்து கைவிடவில்லை. அதனால் நடந்ததை எழுதி வைக்கிறேன். போக நினைப்பவர்கள் படித்துவிட்டுப் போகலாம்.

நான் எதையும் லேசில் நம்புகிறவன் இல்லை. திராட்சை போடுகிறவன் நம்பினால் பிழைக்க முடியாது. மருந்துக் கடைக்காரர் ஒன்று சொல்வார், கொடியில் வேறொன்று நடக்கும். மண்டியில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிறபோது, பேசுகிற இரண்டு பேரும் ஏற்கெனவே பேசி வைத்தவர்களோ என்றுதான் எனக்குத் தோன்றும். அப்படிப்பட்டவன் போய் தலையைக் கொடுத்தேன் என்றால் அதற்குக் காரணம் மார்க்கையன்கோட்டை.

அக்கா பேச்சியம்மாள்தான் என்னை வளர்த்தவள். தங்கைகள் இரண்டு பேருக்கும் கல்யாணம் முடித்து நிமிர்ந்து பார்த்தபோது எனக்கு நாற்பதைத் தாண்டியிருந்தது. முன்தலையில் முடி முப்பதுக்கு முன்னாலேயே போய்விட்டது. நெற்றி ஏறி ஏறி உச்சியைத் தொட்டுவிட்டது. ராயப்பன்பட்டிக்குத் தெற்கே எங்கள் தோட்டம். பந்தலுக்குள் குனிந்தே வேலை செய்வதால் எந்நேரமும் துண்டு தலையில் இருக்கும், யாருக்கும் தெரியாது. கோயிலுக்குள் போனால்தான் துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்ட வேண்டும். அதனால் நான் கோயில் வாசலிலேயே கும்பிட்டுவிட்டு வந்துவிடுவேன்.

மார்க்கையன்கோட்டையில் பவுனு என்று ஒரு பெண். முப்பதைத் தாண்டியவள், தையல் மிஷின் வைத்திருக்கிறாள், படுக்கையில் கிடக்கும் தாயைப் பார்த்துக்கொள்கிறாள் என்று சொல்லி அக்கா அழைத்துப் போனாள். அக்கா வீட்டுக்காரர் சீனி மச்சானும் வந்தார். உட்கார்ந்ததும் பெண்ணின் அண்ணன் பாண்டி மரியாதையாகத்தான் கேட்டார், துண்டை எடுத்துவிட்டு வசதியாக உட்காரலாமே என்று. எடுத்தேன். உள்ளே இருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. காபி கொண்டுவந்த பவுனை நான் பார்க்கவே இல்லை. டம்ளரைப் பிடித்திருந்த விரலை மட்டும் பார்த்தேன். ஊசி குத்திக் குத்திக் காய்த்த விரல். யோசித்துச் சொல்கிறோம் என்று அனுப்பினார்கள். மாதம் இரண்டு போயும் பதில் இல்லை.

அந்தச் சிரிப்பு என் நெற்றிக்காகத்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சின்ன வெங்காயத்தை அரைத்துத் தேய்த்தேன். கண் எரிந்ததுதான் மிச்சம். அந்தச் சமயத்தில்தான் போன வருசம் வரை வழுக்கையாக வந்துகொண்டிருந்த மெட்ராஸ் மண்டிக்காரர் ஒருவர் முன்தலை நிறைய முடியோடு வந்து லாரியில் இருந்து இறங்கினார். நான் அவரைக் காற்றடிக்கும் பக்கமாக நிறுத்திவைத்து வெகுநேரம் பேச்சுக் கொடுத்தேன். முடி கழன்று பறக்கவில்லை. கடைசியில் அவரே, "தொட்டுப் பாருங்க, ஒட்டினது இல்ல, நட்டது" என்றார். மதுரையில் வெளிநாடு போய்ப் படித்து வந்த ஒரு டாக்டர் செய்கிறார் என்றும் சொன்னார்.

ஆஸ்பத்திரி ஒரு சந்துக்குள் இருந்த மாடிக் கட்டடம். காத்திருக்கும் இடத்தில் ஒருவர் இருந்தார். அவர் முன்தலையில் முடி குச்சம் குச்சமாக, பல் தேய்க்கும் பிரஷ்ஷைப் போல வரிசையாக நின்றது. என்னைப் பார்த்ததும், பயப்படாதீங்க, வலி தெரியாது என்றார். மறுமுறை போனபோதும் அதே நாற்காலியில் இருந்தார். வருகிறவர்களிடம் எல்லாம் அதையே சொன்னார். ஒருமுறைகூட உள்ளே போகவில்லை. ஆள் பிடிக்க டாக்டரே உட்கார்த்தி வைத்த புரோக்கர் என்று கூட வந்த அக்காவின் காதில் சொன்னேன்.

டாக்டரைப் பார்த்ததும் எழுந்து போய்விடலாமா என்றிருந்தது. அவருக்கு என்னைவிடப் பெரிய வழுக்கை.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன். இது நோய் இல்லை, பரம்பரையாக வருவது. முன்தலையில் வளரும் முடிக்கு ஆயுள் குறைவு. பிடரியில் வளரும் முடி கடைசி வரை நிற்கும். பிடரி முடியை வேரோடு எடுத்து முன்னால் வைத்தாலும் அது தன் குணத்தை மாற்றிக்கொள்ளாது. பம்புசெட்டுக்குத் தோல் வாஷர் வெட்ட மெக்கானிக் ஒரு குழாய்க் கத்தி வைத்திருப்பாரே, அதேபோலச் சின்னதாக ஒன்று. அதை வைத்துப் பிடரித் தோலில் உளுந்து அளவுக்கு வட்டம் வட்டமாக எடுப்பார்கள். முன்தலையிலும் அப்படியே குழி போட்டு, அங்கே இருந்த வெறுந்தோலைத் தள்ளிவிட்டு, இந்த வட்டத்தை வைப்பார்கள். ஒரே நாளில் முழுத் தலையும் ஆகாது. முதலில் முன்வரிசை, ஆறிய பிறகு மற்றது.

சரி என்றேன். எழுந்து வாசல் வரை போனவன் திரும்பி நின்று கேட்டேன். எனக்கு அவ்வளவு வாய் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

"அப்ப நீங்க ஏன் வச்சுக்கிறலை?"

டாக்டர் கோபப்படவில்லை. நாற்காலியைச் சுற்றித் திரும்பித் தன் பிடரியைக் காட்டினார். அங்கும் முடி பஞ்சு பஞ்சாகத்தான் இருந்தது. "எடுக்கிறதுக்கு எனக்குப் பின்னாலயும் இல்லையேப்பா. உனக்குக் காடு மாதிரி இருக்கு" என்றார்.

பதில் சரிதான். ஆனாலும் ஒரு விஷயம் என்னை அரித்தது. பிடரி எனக்குத் தெரியாத இடம். அங்கே எடுத்ததைத்தான் இங்கே வைக்கிறார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? கோயில்களில் இறக்குகிற முடி எல்லாம் மூட்டை மூட்டையாக எங்கேயோ போகிறதே, அதில் ஒன்றாக இருந்தால்? திராட்சைப் பெட்டி மண்டியில் மாறிவிடக் கூடாது என்று நாங்கள் பெட்டி மூலையில் சாயம் தொட்டு அனுப்புவோம். அதே யோசனைதான் எனக்கு வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள், சூடு தணியட்டும் என்று அக்காவிடம் சொல்லி மருதாணி அரைக்கச் செய்து, பிடரியில் அப்பிக்கொண்டேன். அங்கே நரை ஓடியிருந்ததால் வெள்ளை முடியெல்லாம் நன்றாகச் சிவந்துவிட்டது. இனி என் சரக்கு எனக்குத் தெரியும் என்ற தைரியத்தோடு பஸ் ஏறினேன்.

ஊரில் குடலிறக்க ஆபரேஷன் என்று சொல்லிவிட்டோம். சீனி மச்சானின் யோசனை அது. "எறங்குனது முடிதானே மாப்ளே, கொடலுன்னு சொல்லிப்போட்டா யாரு தெறந்து பாக்கப்போறாக" என்றார்.

முதல் நாள் முழுக்கச் சோதனை. விரல் நுனியில் குத்தி, வரும் ரத்தத்தைத் தாளில் ஒற்றி ஒற்றி எடுத்தார்கள். தாளில் கறை படாமல் நிற்க எவ்வளவு நேரம் ஆகிறதோ அதுதான் ரத்தம் நிற்கும் நேரம். நேரம் கூடினால் கத்தி வைக்க மாட்டார்களாம். சிறுநீரை ஒரு நீல மருந்தில் ஊற்றி விளக்கில் சூடு காட்டினார்கள். நீலம் நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை, செங்கல் நிறத்துக்குப் போனால் உண்டு. கம்பவுண்டர் அதைச் சன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தபோது ஏதோ கண்டுபிடித்துவிட்டு மறைக்கிறார் என்றே நினைத்தேன். நீலமாகத்தான் இருந்தது. மரத்துப்போகும் மருந்து ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க முழங்கையில் துளி ஏற்றிச் சுற்றிலும் பேனாவால் வட்டம் போட்டார்கள். வட்டம் தடித்தால் ஆபத்து. நான் வட்டத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

நர்சுகள் இருவரும் மலையாளத்தில் பேசிக்கொண்டார்கள். சின்ன வயதில் கேரளத்து ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்ததால் எனக்கு அது விளங்கும். அதை வெளியே காட்டாமல் படுத்து ஒட்டுக்கேட்டேன். மதுரையில் நல்ல மீன் கிடைப்பதில்லை என்பதைத் தவிர அவர்கள் வேறெதுவும் பேசவில்லை.

ஆபரேஷன் அறையில் மயக்க மருந்து கிடையாது. ஊசி மட்டும். அதுதான் வலி. குப்புறப் படுக்க வைத்துப் பிடரி முழுவதும் ஊசி போட்டபோது பல்லைக் கடித்துக்கொண்டேன். பிறகு தலை பலகையாகிவிட்டது. வலி போய்ச் சத்தம் மட்டும் இருந்தது, பச்சைத் தேங்காய் மட்டையைத் துளைப்பது போல. ஊசிக்கு முன்னால் முடியை ஒட்டக் கத்தரித்தபோது பெரிய நர்ஸ், "சேட்டா, மைலாஞ்சி இட்டதா?" என்று கேட்டார். மைலாஞ்சி என்றால் மருதாணி. எனக்கு விளங்காததுபோலக் கிடந்தேன். வெட்டி எடுத்ததைக் காட்டச் சொல்லிக் கையால் சாடை காட்டினேன். உப்புத் தண்ணீரில் நனைத்த துணிமேல் வரிசையாக வைத்துக் கொண்டுவந்தார். ஒவ்வொரு வட்டத்திலும் ஏழெட்டு முடிக் கட்டை. சிலதில் சிவப்பு தெரிந்தது. அப்பாடா என்றிருந்தது. மல்லாக்கப் படுக்க வைத்து முன்னால் குழி போட்டபோது அவ்வளவாகப் பயம் இல்லை.

பயம் பிறகு வந்தது. உருமால் கட்டியதுபோலப் பெரிய கட்டு. மறுநாள் அந்தக் கட்டின்மேல் ரத்தம் கசிந்திருந்தது. அதற்கடுத்த நாள் நெற்றி வீங்கி, வீக்கம் கண்வரை இறங்கி, இரண்டு கண்ணும் மூடிக்கொண்டன. டாக்டர் வந்து பார்த்து, நெற்றியில் ஏற்றிய மருந்துத் தண்ணீர் கீழே இறங்குகிறது, தானே வற்றிவிடும் என்றார். அவர் முகத்தைப் பார்க்க முடியாததால் சொன்னது உண்மையா என்று எனக்குத் தெரியவில்லை. கண் தெரியாமல் கிடந்த அந்த நாட்களில் அக்கா கஞ்சியை வாயில் ஊட்டினாள். சீனி மச்சான் அந்தப் போகத்துத் திராட்சையைக் கொடியோடு விலைபேசிக் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிச் செலவைக் கட்ட வந்தவர், என்னைப் பார்த்துக் கேலி பேச வாயெடுத்தார். பேசாமல் என் கால்மாட்டில் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துவிட்டார். மச்சான் கேலி பேசாதது எனக்கு வீக்கத்தைவிடப் பயமாக இருந்தது.

அன்றைக்கு மாலை அக்கா மெதுவாக ஆரம்பித்தாள்.

"தம்பி, நீ உள்ள இருக்கையில நான் ஒண்ணு வேண்டிக்கிட்டேன்."

"என்னத்த?"

"நல்லபடியா எந்திரிச்சு வந்துட்டா, மொளைக்கிற மொத முடிய மாசியில கொலசாமிக்கு எறக்கிர்றேன்னு."

எந்த முடிக்காகப் போனேனோ அதையே மொட்டை அடிப்பதாக நேர்ந்திருக்கிறாள். அதைவிட, மொட்டை போட்டால் பிடரியில் தோண்டிய வட்டம் எல்லாம் வெளியே தெரிந்துவிடும். குடலிறக்கத்துக்குப் பிடரியில் ஏன் தழும்பு என்று ஊர் கேட்கும்.

"வேற எதுவும் நேந்துக்கிறத் தோணலையாக்கா ஒனக்கு?"

"அங்கன நின்னு பதறுனவளுக்கு வேற என்னலே தோணும்? சாமிக்குக் குடுக்க அதத்தேன குடுப்பாக" என்று அழுதாள்.

வீக்கம் வற்றிக் கண் திறந்ததும் வராந்தாவில் நடந்தேன். பிரஷ் முடிக்காரர் அதே நாற்காலியில் இருந்தார். அன்று வேறு யாரும் இல்லை. என்னைப் பார்த்துவிட்டுச் சுற்றிலும் பார்த்தார். பிறகு எழுந்து விறுவிறு என்று டாக்டர் அறைக்குள் போனார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. கதவு திறக்கும்போது எல்லோரும் தன் தலையைப் பார்ப்பார்கள் என்று கூசி, வந்தவர்களை எல்லாம் முன்னால் அனுப்பிவிட்டுக் காத்திருந்திருக்கிறார். வெளியே வந்ததும் வணக்கம் சொன்னேன். அவரைச் சந்தேகப்பட்டதை அந்த வணக்கத்தோடு விட்டேன்.

ஊர் திரும்பியதும் ஹார்லிக்சும் ரொட்டியும் வந்தபடி இருந்தன. குடலிறக்கக்காரன் பாரம் தூக்கக் கூடாது என்பதால் உர மூட்டைகளை மச்சான் தூக்கினார். தூக்கும்போதெல்லாம் என்னைத் திட்டினார். கார்த்திகையில் முன்தலைப் பொருக்கு உதிர்ந்தது. கூடவே முடியும் உதிர்ந்தது. தலையணையில் சிவப்பு முனையோடு கிடந்த முடிகளைப் பொறுக்கித் தீப்பெட்டியில் போட்டுக்கொண்டு மதுரைக்குப் போய் டாக்டர் மேசையில் வைத்தேன்.

"அடையாளம் வச்ச முடி எல்லாம் விழுந்துருச்சு. இனிமே ஏதாச்சும் மொளைச்சா அது யாரோடதுங்க?"

டாக்டர் தீப்பெட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். விழுந்தது பழைய தண்டு, வேர் உள்ளே இருக்கிறது, மூன்று மாதத்தில் புதுசு வரும் என்றார். மொட்டை போடலாமா என்று கேட்டேன். வளர்ந்த பிறகு தாராளமாகப் போடு, கத்தி வேர் வரை போகாது என்றார். திராட்சையைக் கவாத்து பண்ணினால் பந்தல் முழுக்கக் கட்டையாக நிற்கும், பிறகுதான் துளிர்க்கும். அது எனக்குத் தெரியாததா? ஆனால் கவாத்து பண்ணுகிற கத்தி என் கையில் இருக்கும். இங்கே அப்படி இல்லையே.

தை மாதம் முன்தலையில் முளைத்தது. கறுப்பாக, முரடாக, சிவப்பு துளியும் இல்லாமல். அக்கா விளக்கேற்றிக் கும்பிட்டாள். நான் கண்ணாடியில் அதை வேறொருவர் தோட்டத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தேன்.

மார்க்கையன்கோட்டையில் இருந்து அதுவரைக்கும் பதில் இல்லை. கடைசியில் ஒரு சொல் வந்தது. மாப்பிள்ளைக்கு வயிற்றில் ஆபரேஷனாமே, பாரம் தூக்க மாட்டாராமே, குடும்பம் நடத்த முடியுமா என்று கேட்கிறார்கள் என்று. இனி அவ்வளவுதான் என்று அக்கா முடங்கிவிட்டாள்.

மாசிச் சிவராத்திரிக்கு மறுநாள் காலை குலசாமி கோயிலில் மணைமேல் உட்கார்ந்தேன். பங்காளிகள் எல்லாம் சுற்றிலும் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தார்கள். புங்க மரத்தடியில் பாண்டி நின்றுகொண்டிருந்தார். சாமி கும்பிட வந்ததாகச் சொன்னார். பார்வை முழுக்க நான் உட்காருவதிலும் எழுவதிலும் இருந்தது. குடலிறக்கத் தழும்பைக் காட்டு என்று எந்த மனிதனிடம் கேட்க முடியும்? அதனால் நடையைப் பார்த்து எடை போட வந்திருக்கிறார்.

நாவிதர் முன்தலையை வழித்தார். ஈரமுடி மடியில் விழுந்தது. குனியச் சொல்லிப் பிடரிக்கு வந்தவர் கையை நிறுத்திவிட்டார்.

"என்ன சாமி இது, பின்னந்தலை பூராம் காசு காசா இருக்கு? அம்மை கண்டதா?"

பொங்கல் கிளறிய கரண்டிகள் நின்றன. ஆட்கள் என் பின்னால் வந்து குனிந்து பார்த்தார்கள். சீனி மச்சான் அது சூட்டுக் கட்டி என்று ஆரம்பித்தார். அக்கா அவரைப் பேச விடவில்லை. முந்தானையைச் செருகிக்கொண்டு நேரே பாண்டியிடம் போனாள்.

"தம்பி, கொடலுமில்லை ஒண்ணுமில்லை. மொட்டைத் தலையோட ஒங்க தங்கச்சிய பொண்ணு கேக்கக் கூசிப்போய், மதுரையில முடி நட்டுட்டு வந்தான் எந்தம்பி. நட்டதத்தேன் இப்ப எறக்குறான்."

என் காது இரண்டும் எரிந்தன. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பாண்டி சிரிக்கவில்லை. "அப்ப வயித்துல ஒண்ணுமில்லையா?" என்று மட்டும் என்னைக் கேட்டார்.

வாயால் சொன்னால் நம்ப மாட்டார். அவர் இடத்தில் இருந்தால் நானும் நம்ப மாட்டேன். பாதி வழித்த தலையோடு எழுந்தேன். வண்டியில் அன்னதானத்துக்கு வந்த அரிசி மூட்டை கிடந்தது. தோளில் ஏற்றிக் கோயிலை ஒரு சுற்றுச் சுற்றிவந்து பாண்டியின் காலடியில் இறக்கினேன். வழித்த தலை, வழிக்காத தலை இரண்டிலும் வேர்வை ஓடியது.

"ஒக்காந்து மிச்சத்தையும் வழிங்க மாப்பிள்ளை" என்றார் பாண்டி.

மாப்பிள்ளை என்ற சொல்லை அவர் வாயில் முதல் தடவையாகக் கேட்டேன்.

சித்திரையில் கல்யாணம் நடந்தது. போட்டோவில் என் தலை அறுவடையான நெல் வயல் மாதிரி இருக்கும். அன்றைக்குச் சிரித்தது ஏன் என்று பவுனிடம் கேட்க எனக்கு ஆடிவரை ஆனது. சீனி மச்சான் முதல் காபி வருவதற்கு முன்பே இரண்டாவது காபிக்கும் சொல்லிவைத்ததற்குச் சிரித்தாளாம். பதில் சொல்லாதது அம்மாவை யார் பார்ப்பது என்று முடிவாகாததால். என் நெற்றியைப் பார்த்தாயா என்றேன். "நீங்க நிமிந்தாத்தேன பாக்க? நானும் ஒங்க பாதத்தத்தேன் பாத்தேன்" என்றாள்.

ஆகையால் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். போகலாம். வலி பொறுக்கலாம். வீக்கத்துக்குப் பயப்பட வேண்டாம். என்ன ஆபரேஷன் என்பதை மட்டும் உள்ளபடி சொல்லிவிட்டுப் போங்கள். அடுத்த வரிசைக்கு டாக்டர் கூப்பிட்டிருந்தார். நான் போகவில்லை.

முடி மறுபடி வளர்ந்து சீப்பில் நிற்கிறது. ஆனாலும் தடவிப் பார்க்கும் போதெல்லாம் அந்தப் பழைய கேள்வி உள்ளே கிடந்தது, இது என்னுடையதா என்று. போன வாரம் பவுனு எண்ணெய் தேய்த்துவிடும்போது, "முன்னாடி ஒரு நரை நிக்கிது, ஆட்டாதீக, பிடுங்கிர்றேன்" என்றாள்.

முன்தலையில் எனக்கு நரைத்ததே கிடையாது. நரைக்கும் முன்பே அங்கே எல்லாம் போய்விட்டது. நரை இருந்த ஒரே இடம் பிடரி.

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "அது இருக்கட்டும்" என்றேன்.